பாத்தி கேட்கும் நான்காவது கேள்வி

எங்கள் வீட்டில் அண்ணிக்குத் துருவி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர் என் அண்ணன். கல்யாணமான மூன்றாவது வாரம், குளியலறைக் குழாய் காலையில் மட்டும் ஏன் விசிலடிக்கிறது என்று அண்ணி கேட்டார். எங்களுக்குப் பழகிப்போன சத்தம் அது. நாங்கள் யாரும் அதைச் சத்தமாகவே நினைத்ததில்லை.

"அது அப்படித்தான்" என்றார் அண்ணன்.

"அப்படித்தான்னா, எப்படி?"

பக்கத்து வீட்டில் குறடு வாங்கி வந்து குழாயைக் கழற்றி, உள்ளே நைந்துபோயிருந்த ரப்பர் வளையத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து எல்லோருக்கும் காட்டினார். விசில் நின்றது. மறுநாள் அண்ணன் வேலைக்குத் தாமதமாகப் போனார். இத்தனை வருடங்களாக அந்த விசில்தான் தன்னை எழுப்பிக்கொண்டிருந்தது என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அண்ணி முதலில் வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கணினி நின்றுபோனது. பழுதுபார்க்க வந்தவர் கறுப்பாக ஒரு திரையைத் திறந்து, ஒரே ஒரு வரி தட்டினார். கணினி உயிர் பெற்றது. என்ன தட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணி அந்தக் கறுப்புத் திரையைத் தானே திறந்து, விசைப்பலகையில் இருந்த ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தார். மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தியதும், பழுதுபார்த்தவர் கடைசியாகத் தட்டிய வரி தானாக வந்து நின்றது. அதை ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அங்கே தொடங்கியதுதான். மாலை வகுப்புகள், இரவல் புத்தகங்கள், நான்கு வருடங்கள். இப்போது மூன்றாவது மாடியில் நாலு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில், சிறு தொழில் செய்பவர்களுக்கு மொபைல் செயலி எழுதித் தருகிறார்.

அவர் எழுதும் மொழி ஒரு விநோதமான மொழி. திரை முழுக்க அடைப்புக்குறிகள். "எல்லா வார்த்தைக்கும் ரெண்டு பக்கமும் காது வெச்சிருக்கே" என்று அண்ணன் கேலி செய்வார். அந்த மொழியில் ஒரு மதிப்பை ஒரு முறை வைத்துவிட்டால் அதை மாற்றுவதில்லை. மாற வேண்டுமென்றால், பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியது ஒன்றை வைக்கிறார்கள். இது எனக்குப் பிடிபட நாளானது. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "எங்க வார்டுல இதானே சட்டம்! காய்ச்சல் அளவைத் தப்பா எழுதிட்டா அழிக்கக் கூடாது. கீழே புதுசா எழுதணும். அழிச்சா சீட்டுக் கிழிஞ்சிரும்" என்றார்.

ஆனால் அந்த மொழியில் ஒரு செயலியைத் தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டு வகைப் போன்களுக்கும் தனித்தனிக் கோப்புறைகள், அமைப்புக் கோப்புகள், படங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய பதிப்பு எண்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் இதிலேயே போகும். அதே வேலையை ஐந்தாவது முறை செய்தபோது அண்ணிக்கு அலுத்துவிட்டது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல் தட்டினால் இவ்வளவையும் செய்து முடிக்கும் கருவி ஒன்றை எழுதினார். விதைப்பதற்கு முன் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டுவார்கள் அல்லவா, அதனால் அதற்குப் பாத்தி என்று பெயர் வைத்தார்.

பாத்தி ஏழு கேள்விகள் கேட்கும். பதில்களைச் சொல்லிவிட்டு எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், நாற்பத்தாறு கோப்புகள் தயாராக இருக்கும். போனில் திறந்தால் வெள்ளைத் திரையில் 'வந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை தெரியும். அண்ணி அந்தக் கருவியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார். முகம் தெரியாத முந்நூற்றுச் சொச்சம் பேர் எடுத்துக்கொண்டார்கள். அதற்கான கையேட்டை இரண்டு மொழிகளில் எழுதிக் கொடுத்தது நான். 'முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு என்டர் தட்டினால் போதும், பாத்தியே பார்த்துக்கொள்ளும்.' இந்த வரியை அண்ணி சொன்னார், நான் எழுதினேன். படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கையேட்டின் புதிய பதிப்புக்காக நான் அவர் அலுவலகத்தில் இருந்தேன். பதினோரு மணி இருக்கும். அண்ணியின் போன் அடித்தது. லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடங்களுக்கு முன் அண்ணி செயலி எழுதிக் கொடுத்தவர். அவர் குரல் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"ஏம்மா, என் லிஃப்ட்டெல்லாம் எங்கம்மா?"

"என்ன ஆச்சுண்ணா?"

"உங்க ஆபீஸுக்குக் கீழே சலவைக் கடை அக்கா இருக்காங்கல்ல, அவங்க ஏதோ லிங்க் அனுப்பிச்சாங்க. துணி ரெடியானா தானா மெசேஜ் வரும்னாங்க. சரின்னு தட்டுனேன். இப்போ என் ஆப் இருந்த இடத்துல ஒரு சட்டை படம் தொங்குது. உள்ளே போனா 'உங்கள் துணிகள்: மூன்று'ங்குது. நூத்தி எண்பத்தாறு லிஃப்ட்டும்மா! எல்லாத்தையும் சட்டையாக்கிட்டீங்களே!"

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். சலவைக் கடைக்கான செயலியை எழுதியதும் அவர்தான், போன மாதம்.

"வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்" என்று மெக்கானிக் தொடர்ந்தார். "எந்த லிஃப்ட்ல கயிறு எப்போ மாத்தினேன், பிரேக் எப்போ பார்த்தேன், மூணு வருஷத்துக்கும் காட்டணும். காட்டலைன்னா அடுத்த வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழில்தான். மச்சான் பக்கத்துலதான் இருக்கான், டிலீட் பண்ணிட்டு பழசைத் திரும்பப் போட்டுக்கலாங்கறான். பண்ணிரட்டா?"

"வேண்டாம்! டிலீட் மட்டும் பண்ணாதீங்க. மச்சான் கையில போனைக் குடுக்கவே குடுக்காதீங்க. அந்தச் சட்டை படத்தைத் தொடாம அப்படியே இங்கே எடுத்துட்டு வாங்க. இதுவரைக்கும் அதை எத்தனை தடவை தட்டினீங்க?"

"கோவத்துல யாரும்மா எண்ணிக்கிட்டுத் தட்டுவாங்க?"

போனை வைத்ததும் அண்ணி கணினியில் இரண்டு செயலிகளின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். பிறகு இன்னொரு வரியில். இரண்டும் ஒன்றே.

ஒரு செயலியைப் போன் அடையாளம் கண்டுகொள்வது பெயரை வைத்தோ படத்தை வைத்தோ அல்ல. உள்ளே இருக்கும் அடையாள வரி ஒன்றை வைத்துத்தான். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், கைரேகை ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டு செயலிகளுக்கு அந்த வரி ஒன்றாக இருந்தால், இது பழையதின் புதிய பதிப்பு என்று நினைத்துப் போன் ஒன்றின்மேல் மற்றொன்றை ஏற்றிவிடும். பாத்தி கேட்கும் நான்காவது கேள்வி அந்த அடையாளத்தைப் பற்றியது. பதில் சொல்லாமல் என்டர் தட்டினால், கருவியைச் சோதிப்பதற்காக அண்ணி முதன்முதலில் எழுதிவைத்த மாதிரி அடையாளத்தையே அது போட்டுவிடும்.

எல்லோருக்குமான இணையக் கடையில் ஏற்றும் செயலிகளுக்கு அண்ணி கவனமாகப் பதில் சொல்வார். இல்லாவிட்டால் கடை வாங்காது. வாடிக்கையாளர்களுக்கு நேராக லிங்க் அனுப்பும் சின்னச் செயலிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு முதல் கேள்வியைத் தவிர மற்ற ஆறுக்கும் என்டர், என்டர், என்டர். சோதனைப் போனில் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் சுத்தமாக அழித்துவிடுவது வேறு அவர் வழக்கம். அதனால் ஒன்று மற்றொன்றை விழுங்குவதை அவர் பார்த்ததே இல்லை.

"அப்ப அவர் எழுதினதெல்லாம் போச்சா அண்ணி?" என்று கேட்டேன்.

"தெரியல. போனுக்குள்ள ரெண்டு ஆப்புக்கும் ஒரே பெட்டி. ஆப்பை டிலீட் பண்ணினா பெட்டியும் போயிடும். ஆனா பாத்தி வெக்கற அந்தப் பெட்டி எதையும் அழிச்சு எழுதாது. ஏதாவது மாறினா மொத்தத்தையும் புதுப் பக்கமா மேலே வைக்கும். பழைய பக்கம் அடியில இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"இருபது பக்கம்தான் வைக்கும். இருபத்தொண்ணாவது வந்தா அடியில இருக்கறது வெளியே போயிடும். அந்தச் சட்டை ஆப்பை ஒவ்வொரு தடவை திறக்கறதும் ஒரு பக்கம்."

லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரு பக்கம் மிஞ்சியிருந்தாலும் அதில் நூற்று எண்பத்தாறு லிஃப்ட்டும் முழுதாக இருக்கும். ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் எதுவும் இல்லை.

அண்ணி மேசையை விரலால் தட்டிக்கொண்டே எண்ணினார். பாதியில் விரல் நின்றது. "மெசேஜ்!" என்றார். துணி பற்றி வரும் ஒவ்வொரு செய்தியும் ஒரு பக்கம். இணையத்தை அணைக்கச் சொல்ல மறந்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

மூன்று மாடியையும் படிகளில் இறங்கி ஓடினோம். சலவைக் கடைக்குள் நீராவி மூக்கில் ஏறியது. கடைக்கார அக்கா, எண் குத்திய துணிப்பொதிகளுக்கு நடுவில், கவுன்டரில் இருந்த டேப்லெட்டை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, லிஃப்ட் அண்ணன் சட்டை..."

"இப்பதான் மடிச்சேன். ரெடின்னு தட்டப் போறேன்."

"தட்டாதீங்க!"

விரல் அந்தரத்தில் நின்றது. "ஏன்டி தங்கச்சி, நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்னே, மடிச்ச கையோட தட்டணும்னு?"

"அவருக்கு மட்டும் வேண்டாம். காலையிலேர்ந்து அவருக்கு எத்தனை அனுப்பினீங்க?"

"வந்துச்சுன்னு ஒண்ணு. ஊறுதுன்னு ஒண்ணு. காயுதுன்னு..." அக்கா புடவையில் விரலைத் துடைத்தார். "காயுதுன்னு ரெண்டு மூணு போயிருக்கும். கை ஈரம், பட்டன் சரியா படல, திரும்பத் திரும்ப அமுக்கினேன்."

அண்ணி கண்ணை மூடித் திறந்தார்.

"சரி, இப்ப இந்தச் சட்டையை என்ன பண்ணட்டும்?"

"அப்படியே இருக்கட்டும்க்கா. அது இன்னும் காயுதுன்னே வெச்சுக்குங்க."

"மொடமொடன்னு இஸ்திரியே போட்டாச்சு!"

"இஸ்திரி போட்டாலும் இன்னைக்கு அது காயட்டும்."

வாசலில் லிஃப்ட் மெக்கானிக்கின் வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே, போனை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தூக்கி வந்தார். அண்ணி அங்கேயே இணையத்தை அணைத்தார்.

மேலே வந்ததும் அவர் ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அண்ணி கறுப்புத் திரையில் பாத்தி என்று தட்டினார். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. நான்காவது கேள்வி வந்தபோது ஒரு நொடி நிறுத்தி, வேண்டுமென்றே என்டர் தட்டினார். அதே அடையாளம் வேண்டும். அப்போதுதான் போன் இதையும் பழையதின் புதிய பதிப்பு என்று நம்பி, பெட்டியைத் திறந்து காட்டும். பிறகு பெட்டியில் எழுதும் பகுதியை முழுவதுமாக வெட்டி எறிந்தார். படிக்க மட்டும் தெரிந்த, எழுதத் தெரியாத ஒரு செயலி. நாற்பது நிமிடம் ஆனது.

போன் அதை வாங்க மறுத்தது.

"ஏன்?" என்று மெக்கானிக் எழுந்துவிட்டார்.

"பதிப்பு எண். சலவைக் கடை ஆப் நாலுன்னு இருக்கு, இது ஒண்ணுன்னு இருக்கு. பின்னால போக மாட்டேங்குது." ஒன்றை ஒன்பதாக மாற்றினார். இந்த முறை போன் ஏற்றுக்கொண்டது. சட்டைப் படம் மறைந்து, வெறும் வெள்ளைச் சதுரம் ஒன்று வந்தது. அண்ணி அதைத் தட்டினார்.

எண்ணிட்ட ஒரு பட்டியல் வந்தது. மேலிருந்து வரிசையாகச் சலவை, சலவை, சலவை. அண்ணி விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். பத்து. பதினான்கு. பதினேழு. பதினெட்டாவதும் சலவைதான். பத்தொன்பதாவது வரியில் 'லிஃப்ட்' என்று இருந்தது. இருபதாவதிலும்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். அவர் உடனே நம்பிவிடும் ஆள் இல்லை.

"கோர்ட்டுக்குப் பின்னாடி ஏழு மாடி. கயிறு எப்போ மாத்தினேன்?"

அண்ணி தேதியைப் படித்தார்.

"ம். முட்டுச்சந்து ஆஸ்பத்திரி, ரெண்டாவது லிஃப்ட்?"

"கதவு ரப்பர், போன மாசம் எட்டாம் தேதி. 'தாத்தா இருமற மாதிரி சத்தம்'னு எழுதியிருக்கீங்க."

"அதேதான்! அதே சத்தம்தான்!" அவர் இருமியே காட்டினார். அதன் பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது.

முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் 'ரெண்டு நிமிஷம்' என்பதால் அவருக்கு அதுவே பெயர். "சரியாயிடுச்சுல்ல? போன்ல ஏதோ கோளாறு, அவ்வளவுதான் சார்" என்றார் மெக்கானிக்கிடம்.

"போன்ல கோளாறு இல்லண்ணா" என்றார் அண்ணி. "தப்பு என்னோடது." நான்காவது கேள்வியை, என்டரை, மாதிரி அடையாளத்தை, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

மெக்கானிக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ ஒரு சந்தேகம்தான் வந்தது. "ஏம்மா, லிஃப்ட்டுக்குள்ள ஏறி எந்த பட்டனையும் அமுக்கலைன்னா அது சும்மாதானே நிக்கும்? 'ஒண்ணும் சொல்லலையா, அப்ப மூணாவது மாடிக்குப் போறேன்'னு அதுவா கிளம்பினா நான் விடுவேனா?"

அண்ணி அவரையே பார்த்தார். "இல்லண்ணா" என்றார்.

அன்று மாலைக்குள் அவருடைய பழைய செயலி, புதிய அடையாளத்தோடு, பெட்டியில் இருந்த அத்தனையோடும் அவர் போனில் ஏறியது. சலவைக் கடைக்கும் தனி அடையாளம் வந்தது. வியாழக்கிழமை மதியம் அவர் கூப்பிட்டு, சோதனைக்கு வந்தவர் ஒன்பது லிஃப்ட்டுகளைக் கேட்டார், ஒன்பதையும் காட்டினேன், கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார்.

ஆனால் அண்ணிக்கு அது முடியவில்லை. முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் என்டர் தட்டினார்கள்? என் கையேடு தட்டத்தானே சொன்னது?

"ரெண்டு நிமிஷம் யோசிங்க" என்றார் முதலாளி. "சத்தமில்லாம கருவியைச் சரிபண்ணிடுங்க. ஊரைக் கூட்டி ஏன் சொல்லணும்?"

"சத்தமில்லாம சரிபண்ணினா இனிமே தட்டறவங்க பிழைச்சுப்பாங்க சார். ஏற்கெனவே தட்டினவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்போது பாத்தி நான்காவது கேள்வியில் வெறும் என்டரை ஏற்பதில்லை. பதில் வரும்வரை அங்கேயே நிற்கிறது. தவறு என்ன, யாருக்கு நேரலாம், நேர்ந்திருந்தால் எதைத் தொடக் கூடாது என்று அண்ணி ஒரு பக்கம் சொல்ல, நான் இரண்டு மொழிகளிலும் எழுதினேன். கையேட்டிலிருந்த பழைய வரியை நானே எடுத்தேன். 'இந்தத் தவறு என்னுடையது' என்ற வாக்கியத்தைக் கடைசியில் வைத்திருந்தேன். அண்ணி அதை முதல் வரிக்கு மாற்றச் சொன்னார்.

முதல் மூன்று நாள் வந்தவை முனகல்கள். முன்பு வேகமாக முடிந்தது, இப்போது ஏன் நின்று தொல்லை செய்கிறது என்று கேட்டார்கள். நான்காம் நாள், எங்கேயோ தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்தது. அவர் பாத்தியை வைத்து இரண்டு செயலிகள் செய்திருந்தார். ஒன்று அவருடைய அப்பா பார்க்கும் பறவைகளைக் குறித்துவைப்பதற்கு. இன்னொன்று மனைவியின் பாட்டுக் குழுவுக்கு. ஒரு நாள் அப்பா, என் பறவைகளெல்லாம் பாட்டாகிவிட்டன என்று சொல்ல, இவர் நம்பவில்லை. நீங்கள்தான் எதையோ தட்டி அழித்திருப்பீர்கள், எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு ஏறாது என்று கத்தியிருக்கிறார். ஐந்து வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. 'உங்கள் அறிவிப்பை இன்று படித்தேன். இப்போது அப்பாவைக் கூப்பிடப் போகிறேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை' என்று முடித்திருந்தார்.

அண்ணி அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ" என்றார். "முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன்னு எழுது. அப்புறம், அப்பா அந்தப் பாட்டு ஆப்பை எத்தனை தடவை திறந்தார்னு கேட்கச் சொல்லு."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அப்பா போனை எடுத்ததும் முதலில் அழுதது யார் என்று அவர் எழுதவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தார்: 'ஒரே ஒரு தடவைதானாம். கோபத்தில் அதன் பிறகு அந்தப் படத்தின் பக்கமே போகவில்லையாம்.'

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரையைத் திறந்தார்.